காட்சித் தொடர்ச்சி

ஜனவரி 16

இன்று முதல் இந்நாட்குறிப்பை எழுதத் தொடங்குகிறேன். என்னுடைய முதல் கதைப்படம் உருவாகும் விதத்தைப் பதிவுசெய்வது இதன் நோக்கம். ஆசிரியரும் கல்லூரியும் இன்றி இக்கலையைக் கற்க விழையும் பிறருக்கு, பிற்காலத்தில் இது ஒரு கையேடாகவும் அமையக்கூடும். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கோவில்பட்டியில் தையற்கடை நடத்துகிறேன். கைபேசியில் பாடங்களைப் பார்த்தும், பழைய கேமரா ஒன்றைப் பிரித்துப் பூட்டியும், எங்கள் தெருவின் காதுகுத்து விழாக்கள் அனைத்தையும் படம்பிடித்தும் நானே கற்றுக்கொண்டேன். உலகம்மாள் என்ற பெயருக்கு முன்னால் ‘இயக்கம்’ என்ற சொல்லைப் பொறிக்க எனக்கு எவருடைய சான்றிதழும் தேவையில்லை.

கதை எளியது. பேருந்து நில்லாத நிறுத்தம் ஒன்றில் நாள்தோறும் கைகாட்டி ஏமாறும் ஒரு பெண், ஒரு நாள் சாலையின் நடுவே சென்று நிற்கிறாள். திருநெல்வேலியில் மன்றமொன்று நடத்தும் குறும்படப் போட்டிக்கு மார்ச் இறுதிக்குள் அனுப்பவேண்டும்.

முதன்மைப் பாத்திரத்திற்கு எதிர்வீட்டுச் சண்முகக்கனியைக் கேட்டேன். சிற்றுந்து ஓட்டும் தவசிமுத்துவின் மனைவி. முப்பத்திரண்டு வயது, இடுப்பைத் தாண்டும் கூந்தல். நாணுவாள், கணவனைக் கேட்கவேண்டும் என்பாள் என எதிர்பார்த்துச் சென்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, “நடிக்கேன்க்கா. எப்பம் ஆரம்பிக்கீங்க? நாளைக்கேன்னா நாளைக்கே” என்றாள்.

“கதையைக் கேட்கவில்லையே நீ” என்றேன்.

“கதை என்னக்கா கதை. படம் பூரா நான் வாரேன்ல?”

என் இயக்கத்தின்மீது அவள் கொண்டிருக்கும் நம்பிக்கை என்னை நெகிழச்செய்தது.

ஜனவரி 18

முதல் நாள் படப்பிடிப்பு. இடம், எங்கள் தெருப் பால்த்தாய் அக்காவின் அடுக்களை.

தொடக்கநிலைப் படைப்பாளிகள் மனங்கொள்ளவேண்டியது: காட்சி சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர், ஒலி கெட்டால் ஒரு நொடியும் பொறுக்கமாட்டார். ஆதலால் மின்விசிறியை நிறுத்துக. குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்துக. அதை மீண்டும் இயக்க மறந்துவிடாதிருக்க, உங்கள் வண்டிச் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுக; சாவியின்றி எவரும் வீடு திரும்ப இயலாதல்லவா? இந்த உத்தியை எங்கோ படித்தேன். ஆயினும் நான் நடந்தே வந்திருந்தேன். சாவியை வைத்த நினைவே இன்றி நடந்தே திரும்பினேன். பால்த்தாய் அக்காவின் தோசைமாவு பொங்கி வழிந்துவிட்டது.

அக்கா மாமியார் வேடம் ஏற்றிருக்கிறார். வசனத்தாளை நீட்டினால் வாங்கவில்லை. “ஏட்டி உலகு, மருமவளத் திட்டுததுக்கு எழுதித் தரணுமாக்கும்? எனக்கு அது தானா வரும்.”

“தாளில் உள்ளவாறே கூறவேண்டும் அக்கா.”

கனி என் முகத்தைப் பார்த்து, “உலகக்கா பேசுததக் கேட்டா ரேடியோல செய்தி வாசிக்க மாதிரியே இருக்கு. மழை வருமான்னு கேக்கணும்போல தோணுது” என்றாள். இருவரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

ஜனவரி 19

வானம் மூடிக்கிடந்தது. படப்பிடிப்பு இல்லை. மின்கலங்களுக்கு மின்னேற்றினேன். மூன்று ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தேன்.

ஜனவரி 23

இன்று காட்சித் தொடர்ச்சியைப் பற்றி எழுதவேண்டும். திரையில் ஒரே பொழுதில் நிகழும் ஒரு காட்சியை நாம் வெவ்வேறு நாட்களில் எடுக்கிறோம். திங்களன்று வலக்கையில் இருந்த கண்ணாடி வளையல் வெள்ளியன்று இடக்கைக்கு மாறினால், பார்ப்பவர் அக்கணமே கதையைவிட்டு வெளியேறிவிடுவார். எனவே ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகரின் சடை, பூ, வளையல், புடவைக் கொசுவம், செருப்பு ஆகியவற்றைக் கைபேசியில் நிழற்படமாக எடுத்துவைக்கிறேன். முகத்தை எடுத்து இடத்தை வீணாக்கவேண்டியதில்லை. முகம் மாறாது.

ஒரு சிறு இடையூறு. கனியின் நாயகி உடைக்கான ரவிக்கை தோளில் நழுவுகிறது. சென்ற வாரம் நானே அளவெடுத்துத் தைத்தது. அளவில் நான் பிழைசெய்வதில்லை. வறுமையில் வாடும் பெண்ணின் பாத்திரம் என்பதால் உணவைக் குறைத்துக்கொண்டிருப்பாள்போலும். கேட்டேன்.

“ஆமக்கா. சோறு பாதியாத்தான் திங்கேன்” என்றாள்.

இத்தகைய ஈடுபாடு தொழில்முறை நடிகரிடம்கூட அரிது. முதுகுப்புறம் ஊசி குத்திச் சரிசெய்து, எடுத்தோம்.

ஜனவரி 27

எட்டயபுரம் சாலையில், நிழற்குடை இல்லாத அந்நிறுத்தத்தில் நாள் முழுவதும் இருந்தோம். உச்சி வெயிலில் ஒருபோதும் முகத்தைப் படம்பிடிக்கலாகாது. கண்குழிகளில் நிழல் விழுந்து எலும்புக்கூடுபோல் தோன்றும். வேறு வழியில்லையெனில் வெள்ளை வேட்டி ஒன்றை எதிரே பிடித்து ஒளியைத் திருப்புக. நான் பிடித்துப் பார்த்தேன். நிழல் குறைந்தும் கனியின் கண்களுக்குக் கீழிருந்த கருமை குறையவில்லை. சாய்ந்த வெயிலுக்காகக் காத்திருப்பதென முடிவுசெய்தேன்.

அவள் மைல்கல்லில் சென்று அமர்ந்தாள்; பின்னர் அதில் தலைசாய்த்துக்கொண்டாள். “புடவை கசங்கும், எழு” என்றேன். எழுந்து நின்றாள். பொன்னிற ஒளி வந்தபோது மாட்டுவண்டி ஒன்று சட்டகத்தின் குறுக்கே வந்தது. இரண்டாம் முறை எடுக்கையில் காற்று ஒலிவாங்கியில் மோதியது. மூன்றாம் முறை அவளது கை போதிய உயரம் எழவில்லை.

“இன்னிக்கு இதுக்கு மேல தூக்க முடியலக்கா.”

“பேருந்துக்காகக் கைகாட்டுகிறாய், கனி. ஈ ஓட்டவில்லை.”

தூக்கினாள். எடுத்தோம்.

கருவிகளைப் பையில் வைக்கும்போது அருகில் வந்து, “ஒரு தடவ காட்டுங்கக்கா, நான் எப்பிடி இருக்கேன்னு” என்றாள். மறுத்துவிட்டேன். நடிகருக்கு இடையில் காட்சிகளைக் காட்டுவது பெரும் பிழை. மறுநாள் முதல் அவர் தம் முகத்தையே எண்ணிக்கொண்டு நடிப்பார். படம் முடிந்ததும் முதல் இருக்கையில் அமர்ந்து பார்க்கலாம் என்றேன்.

“முடிஞ்சதும் ஆதிரைக்குத்தான் மொதல்ல காட்டணும்” என்றாள். ஆதிரை அவளுடைய ஏழு வயது மகள்.

பிப்ரவரி 2

தவசிமுத்து கடைக்கு வந்தார். இன்னும் எத்தனை நாட்கள் என்றார். இரண்டு காட்சிகளே எஞ்சியுள்ளன. ஆயின் இறுதிக் காட்சிக்குத் தெளிந்த வானமும் வண்டியோட்டமற்ற சாலையும் அமையவேண்டும் என விளக்கினேன்.

“இல்லக்கா, மதுரைக்கு ஒரு சோலியாப் போணும். போன வாரமே போயிருக்கணும். அவதான் படம் முடியட்டும், படம் முடியட்டுங்கா.”

“நல்ல படத்தை அவசரப்படுத்த இயலாது, தம்பி.”

அவர் சாவியை விரலில் சுற்றினார். “சரிக்கா. அவ இஷ்டம்” என்று போய்விட்டார்.

பிப்ரவரி 8

படம் பாழாயிற்று.

காலையில் கனி வந்தாள். தலையில் கூந்தல் இல்லை. மழித்த தலையில் சந்தனம் பூசியிருந்தது. ஆதிரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று தைக் கடைசி வெள்ளி. இருக்கன்குடிக்குச் சென்று மாரியம்மனுக்கு முடிகாணிக்கை செலுத்திவிட்டாளாம்.

“நேந்துக்கிட்டேன்க்கா. திடீர்னுதான்.”

நாயகி சாலையைக் கடக்கும் காட்சியின் முதற்பாதியை எடுத்திருக்கிறேன். அதில் அவளது சடை காற்றில் ஆடுகிறது. மறுபாதியை எவ்வாறு எடுப்பேன்? ஒரு சொல் கேட்டிருக்கவேண்டாமா? அம்மன் ஒரு மாதம் பொறுக்கமாட்டாளா? இவை அனைத்தையும் கூறினேன். உரத்த குரலில்தான் கூறினேன்.

“முக்காடு போட்டுக்கிடட்டுமாக்கா? வெயிலுக்குப் போட்ட மாதிரி?”

“சாலையின் இப்புறம் சடையும் அப்புறம் முக்காடுமாக ஒருத்தி எவ்வாறு கடப்பாள்?”

“அப்பம் சவுரி முடி எதும் வாங்கி…”

“கலையை மதியாதவரோடு என்னால் பணியாற்ற இயலாது, கனி.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு மேலும் எரிச்சலூட்டியது. ஆதிரையின் தலையைத் தடவியபடி, “எடுத்த வரைக்கும் இருக்குல்லக்கா? அது போதும்” என்றாள்.

எது போதும்? பாதிப் படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

பிப்ரவரி 9

எந்நிலையிலும் காட்சிகளை இரண்டு இடங்களில் படியெடுத்த பின்னரே கேமராவின் நினைவட்டையை அழிக்கவேண்டும் என்பதைத் தொடக்கநிலைப் படைப்பாளிகளுக்கு வலியுறுத்துகிறேன். நான் அவ்வாறே வைத்திருந்தேன். அட்டையில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று. இன்று இரண்டையும் அழித்தேன். பயனற்ற காட்சிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைவிட, தூய்மையான அட்டையோடு தொடங்குவது மேல். தயக்கமின்றி முடிவெடுப்பவரே இயக்குநர்.

பிப்ரவரி 10

பாண்டவர்மங்கலத்து மழலைப்பள்ளி ஆசிரியை ஜெசிந்தா நாயகியாக நடிக்க இசைந்தாள். கூந்தலை மார்ச் முடியும்வரை தொடுவதில்லை என உறுதி வாங்கினேன்.

பிப்ரவரி 16

ஜெசிந்தா வசனங்களை மனப்பாடம் செய்து வருகிறாள். குறித்த இடத்தில் நிற்கிறாள். “டைரக்டர் சொன்னா நான் கேக்கணும், நான் சொன்னா பிள்ளைங்க கேக்கணும், அதான் உலகம்” என்று தானே கூறித் தானே நகைக்கிறாள். அவளிடம் குறையேதும் இல்லை. அவள் கையை உயர்த்தினால் பேருந்து நின்றுவிடும் என்றே தோன்றுகிறது. அதுதான் இடர்.

ஒளி நன்றாக அமைந்தது. அட்டை முழுவதும் நிரம்பும்வரை எடுத்தேன். மடிக்கணினிக்கும் படியெடுத்துவிட்டேன்.

எதிர்வீடு பூட்டியிருக்கிறது. மதுரைக்குச் சென்றிருக்கிறார்களாம்.

பிப்ரவரி 24

பால்த்தாய் அக்கா கடைக்கு வந்து ஒன்று கூறினார். அதனை இங்கு எழுத நான் விரும்பவில்லை.

பிப்ரவரி 25

எழுதாமல் விடுவதும் சரியன்று.

சண்முகக்கனிக்குப் புற்றுநோய். வயிற்றில் தோன்றி ஈரலுக்கும் பரவிவிட்டது. பொங்கலுக்கு முன்பே மருத்துவர் கூறிவிட்டாராம். மதுரையில் மருந்து ஏற்றுகிறார்கள். அம்மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்பது எனக்கும் தெரியும், எவருக்கும் தெரியும்.

“ஏட்டி, ஒனக்கு நெசமாவே தெரியாதா? தெனம் அவ மூஞ்சியத்தான கேமராக்குள்ள பாத்துக்கிட்டுக் கெடந்த?” என்றார் அக்கா.

கேமராவிற்குள் நான் குவியத்தைப் பார்த்தேன். ஒளியின் அளவைப் பார்த்தேன்.

பிப்ரவரி 27

எதிர்வீட்டிற்குச் சென்றேன். சாத்துக்குடி வாங்கிச் சென்றேன். கனி கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். தலையில் பருத்தித் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும், “வாங்க டைரக்டரே” என்றாள்.

சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்தேன். அவளே பேசினாள்.

“கொட்டுததுக்கு முன்னால ஆத்தாளுக்குக் குடுத்துட்டேன்க்கா. தலைகாணி பூரா முடியாக் கெடந்தா பிள்ள பயந்துருவால்ல. தெருவுல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல பாத்தீங்களா? மொட்டையப் பாத்தா நேர்த்திக்கடன்னுட்டுப் போயிருதாங்க. நீங்க ஒருத்திதான் சண்டைக்கு வந்தீங்க.”

“என்னிடமாவது கூறியிருக்கலாம்.”

“சொன்னா எடுத்துருப்பீங்களா? போய் வைத்தியத்தப் பாருன்னு வெரட்டியிருப்பீங்க. டாக்டர் சொன்ன மறுவாரம்தான் நீங்க நடிக்கியான்னு வந்து நிக்கீங்க. சாமியே அனுப்புன மாதிரி இருந்துச்சு. ரெண்டு மூணு வாரம் மருந்தத் தள்ளிப் போட்டேன். தள்ளுனாலும் தள்ளாட்டாலும் ஒண்ணுதான்னு அந்த டாக்டரு மொகத்துலயே எழுதியிருந்துச்சுக்கா, நீங்க அத நெனைக்காதீங்க.”

பின்னர் அவள் குரலைத் தாழ்த்தினாள். ஆதிரை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“கல்யாண ஆல்பத்துல போட்டோ கெடக்கு. போட்டோ பேசுமா, நடக்குமா? ஊருல எல்லாரு கல்யாண வீடியோலயும் நான் ஒரு ஓரமாத் தட்டத் தூக்கிட்டுப் போறேன், அம்புட்டுதான். இவ வளந்த பெறகு எங்கம்மா எப்பிடி நடப்பா, எப்பிடிப் பேசுவான்னு கேட்டா, அத யாரு சொல்லுவா? உங்க படத்துல நான்தான நடுவுல வாரேன். அதுக்குத்தான் வந்தேன். நடிப்பும் கிடிப்பும் எனக்கு என்ன தெரியும்?”

நான் சாத்துக்குடியை உரித்தேன்.

“எடுத்த வரைக்கும் ஒரு நாள் போட்டுக் காட்டுங்கக்கா. முடியோட நான் எப்பிடி இருந்தேன்னு நானும் பாத்துக்கிடுதேன்.”

படத்தொகுப்பு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்றேன்.

மார்ச் 1

திருநெல்வேலியில், அழிந்த பதிவுகளை மீட்டுத்தரும் கடை ஒன்றிற்கு அட்டையையும் மடிக்கணினியையும் எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் நெடுநேரம் முயன்றார். திரையில் ஜெசிந்தா வந்தாள். மீண்டும் ஜெசிந்தா வந்தாள்.

“அழிச்சதோட விட்டுருந்தீங்கன்னா எடுத்துருக்கலாம் மேடம். அதுக்கு மேல புதுசா ஃபுல்லா ரெக்கார்ட் பண்ணியிருக்கீங்க. ரெண்டுலயும். கீழ ஒண்ணும் மிச்சமில்ல.”

வேறு ஊரில் வேறு கருவி இருக்குமா என்றேன்.

“எங்க போனாலும் இதுதான். யாராவது தெரியாம அழிச்சிட்டாங்களா?”

ஆம் என்றேன்.

மார்ச் 2

கைபேசியில் தேடினேன். காட்சித் தொடர்ச்சிக்காக எடுத்த நிழற்படங்கள் இருக்கின்றன. கனகாம்பரம் சூடிய சடை, பின்புறமிருந்து. வலக்கை வளையல்கள். கொசுவம். புழுதி படிந்த செருப்பு. முதுகில் ஊசி குத்திய ரவிக்கை; அந்த ஊசியின் கீழ் தோள் எலும்பு எத்துணை புடைத்திருக்கிறது என்பது இன்றுதான் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றிலேனும் முகவாயின் விளிம்பு விழுந்திருக்கும் என எண்ணினேன். நான் சட்டகத்தைத் துல்லியமாக அமைப்பவள். விழவில்லை.

மார்ச் 5

கனி ஆதிரை மூலம் கேட்டனுப்பினாள், ‘படம் ஆச்சா’ என்று. நடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்றேன்.

மார்ச் 7

மீண்டும் கேட்டனுப்பினாள்.

மார்ச் 9

கூறிவிட்டேன். அட்டை பழுதாகிவிட்டது எனக் கூறலாம் என்று வழியெல்லாம் எண்ணிச் சென்றேன். எதிர்வீட்டிற்கு வழி ஏது. தெருவைக் கடக்கும்வரை எண்ணினேன். அவள் முகத்தைக் கண்டதும் அச்சொல் வரவில்லை. மொட்டையைக் கண்ட மறுநாள், கோபத்தில், நானே அழித்தேன் என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “எத அழிச்சீங்க?”

“அனைத்தையும்.”

“வேற எடத்துல இருக்கும்லா? நீங்கதான ரெண்டு எடத்துல வைக்கணும்னு சொல்லுவீங்க.”

“இரண்டு இடத்திலும்.”

கனி என்னைத் திட்டியிருக்கலாம். பால்த்தாய் அக்காவைப் போல் எழுதித் தராமலேயே வந்திருக்கக்கூடிய சொற்கள் எத்தனையோ உண்டு. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். துணி நழுவிப் பிடரி தெரிந்தது.

நான் கேமராவைக் கொண்டுவந்திருந்தேன். இப்போதேனும் எடுக்கலாம், சன்னலோர ஒளி மென்மையாக இருக்கிறது, குரலையேனும் பதிவுசெய்யலாம் என்றேன்.

“இந்த மூஞ்சியையா?” என்றாள் சுவரைப் பார்த்தபடி. “இந்தக் கொரலையா? இது அவளுக்கே தெரியும்க்கா. தெனம் பாக்கா. இத மறக்கணும்னுதான…” நிறுத்திக்கொண்டாள். “போயிட்டு வாங்க. கதவச் சாத்திட்டுப் போங்க.”

சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 12

ஜெசிந்தா இறுதிக் காட்சியை எப்போது எடுப்பது எனக் கேட்டாள். வானம் தெளிவாகத்தான் இருந்தது. உடல்நலம் சரியில்லை என்றேன்.

மார்ச் 15

தவசிமுத்து வந்து அழைத்தார். “அவ கூப்புடுதா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கனியால் அமர இயலவில்லை. அருகில் குனிந்து கேட்டேன்.

“ஆதிரை பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுதா, எங்கம்மா நடிச்ச படம் வரப்போவுதுன்னு. டீச்சர்கிட்டகூடச் சொல்லியிருக்கா. இல்லைன்னு சொல்லிராதீங்க.”

“பின் என்ன கூறுவது?”

“எடிட்டிங் நடக்குன்னு சொல்லுங்க. எனக்குச் சொன்னீங்கள்ல, அப்பிடியே. அவ எப்பம் கேட்டாலும் நடக்குன்னு சொல்லுங்க. விவரம் தெரியுத வரைக்கும் சொல்லுங்க. அம்மா எங்கயோ பத்திரமா இருக்கான்னு நெனச்சிக்கிடுவா.”

“கனி, பல ஆண்டுகள் கேட்பாளே.”

“கேக்கட்டும்.”

“ஊரே கேட்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். மஞ்சள் படர்ந்த கண்கள். “ஆமா. கேக்கும்” என்றாள்.

அவள் அதை என்மீதுள்ள கோபத்தால் கூறினாளா, மகள்மீதுள்ள அன்பால் கூறினாளா என்பதை என்னால் பிரித்தறிய இயலவில்லை. சரி என்றேன்.

மார்ச் 21

ஜெசிந்தா நடித்த படத்தை நிறைவுசெய்தால் ஆதிரை அதைப் பார்ப்பாள். அதே தெரு, அதே அடுக்களை, அதே நிறுத்தம். அம்மா இல்லாமலேயே படம் முடிந்துவிட்டது என்பதை அறிவாள். எனவே ஜெசிந்தாவிடம் படம் கைவிடப்பட்டது என்றேன்.

“ஏன்க்கா? ஒரே ஒரு சீன்தான பாக்கி?”

என் இயக்கத்தில் எனக்கே நிறைவில்லை என்றேன்.

“எம்புட்டு நாள் லீவு போட்டு வெயில்ல நின்னேன்! கூந்தல வெட்டாதன்னு சத்தியம் வேற வாங்குனீங்க. தெரியாத வேலைய எதுக்குக்கா இழுத்துப் போட்டுச் செய்யணும்?”

தெரியாத வேலை. அவள் காட்சிகளையும் அழிக்கலாமா என எண்ணினேன். அழிக்கவில்லை. எவருடைய முகத்தையும் இனி அழிப்பதற்கில்லை.

ஏப்ரல் 11

விடியற்காலையில் சண்முகக்கனி காலமானாள்.

பந்தலில் யாரோ ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம்பிடிக்கலானார். கீழே இறக்குக என்றேன். இறக்கினார்.

ஏப்ரல் 26

பதினாறாம் நாள். ஆறு ரவிக்கைகள் வெட்டினேன்.

மே 17

பால்த்தாய் அக்கா தம் தங்கை வீட்டாரைக் கடைக்கு அழைத்துவந்தார். “இவதான் எங்க தெரு டைரக்டர். என்னிய மாமியாரா நடிக்க வச்சா, நானும் ரெண்டு நாள் தொண்ட கிழியத் திட்டுனேன். படம் இன்னும் எடிட்டிங்ல இருக்கு. அதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துருவேன் போல” என்றார். எல்லோரும் சிரித்தனர். தங்கை, “ஏன்க்கா, வராத வேலைய எதுக்குச் செய்யுதாக?” என்று அக்காவிடம் கேட்டார்; நான் அங்கு இல்லாததுபோல.

“முறையாகக் கற்கவில்லை அல்லவா, அதனால் தாமதமாகிறது” என்றேன்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்னைப்பற்றி அவ்வாறு கூறி அவர் கேட்டதில்லை.

கையேட்டிற்கென இப்புத்தகத்தில் ஒதுக்கிய பின்பக்கங்கள் வெற்றாக இருக்கின்றன. தைக்கத் தந்தவர்களின் அளவுகளை அவற்றில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஜூன் 3

பள்ளி திறந்துவிட்டது. தவசிமுத்துவிற்குக் காலையில் சிற்றுந்து நடை இருப்பதால் ஆதிரைக்கு நான்தான் சடை பின்னிவிடுகிறேன். கடையின் நாற்காலியில் அமர்ந்துகொண்டு கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள். இன்று ரிப்பனைக் கட்டும்போது கேட்டாள்.

“பெரியம்மா, எடிட்டிங் முடிஞ்சிட்டா?”

“நடந்துகொண்டிருக்கிறது.”

“அதுல அம்மா பேசுவாள்ல?”

“பேசுவாள்.”

“நடப்பாளா?”

“நடப்பாள். சாலையைக் கடப்பாள். பேருந்துக்குக் கைகாட்டுவாள்.”

“சிரிப்பாளா?”

கதையில் சிரிப்பதற்கு இடமே இல்லை. ஏமாற்றம், மாமியார் ஏச்சு, வெயில். ஆயினும் கனி சிரித்தாள். பால்த்தாய் அக்கா வசனத்தை மறந்தபோதெல்லாம் சிரித்தாள், பேருந்து மெய்யாகவே நின்றுவிட்ட அன்று நடத்துநரிடம் “ஏற மாட்டேன், சும்மாதான் கைகாட்டுனேன்” என்று கூறிச் சாலையோரத்தில் குனிந்து சிரித்தாள். அவள் சிரித்த ஒவ்வொரு முறையும் நான் கேமராவை நிறுத்தியிருந்தேன். அழிப்பதற்கும் அவை இருந்ததில்லை.

“சிரிப்பா” என்றேன்.

“நெறையவா?”

“நெறைய.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசற்படிவரை சென்று திரும்பினாள்.

“பெரியம்மா, எடிட்டிங்ல அத மட்டும் வெட்டிராதீங்க.”

வெட்டமாட்டேன் என்று வாக்களித்தேன்.